பெயின்ட் அடிப்பதற்கு முன்: நகரப் பூங்காவில் உள்ள வரலாற்றுச் சின்னத்தைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பகுதிப் பூங்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். நெஞ்சு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இறக்கிவிட ஆள் தேடாமல் தானே சுமையை வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இப்படி நட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். பூங்கா வருவதற்கு முன் அங்கே ஒரு நடைபாதை இருந்தது என்பதற்கு அந்தக் கல் ஒன்றுதான் சாட்சி. ஒரு குடியரசு தினத்துக்கு முந்தைய வாரம், பூங்காவைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் கல்லுக்கும் மஞ்சளும் பச்சையுமாக எனாமல் அடித்துவிட்டுப் போனார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். மேல்கல்லின் பக்கவாட்டில் நாலு வரி எழுத்து இருந்தது. அதில் இரண்டு வரியை இன்றைக்கும் படிக்க முடியவில்லை.

பூங்காவுக்குள் இருக்கும் பழைய சின்னங்களுக்கு, இடிப்பவர்களைவிட அழகுபடுத்துபவர்களால்தான் ஆபத்து அதிகம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் இந்த வழிகாட்டியில் 'என்ன செய்யலாம்' என்பதைவிட 'எதைச் செய்யவிடக் கூடாது' என்பதே அதிகம் இருக்கும். உங்கள் பூங்காவில் ஒரு பழைய மண்டபமோ, கல்வெட்டோ, கிணறோ இருந்து, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் இந்த வரிசையில் போங்கள்.

முதல் படி: என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நோட்டும் பேனாவுமாகப் பூங்காவை முழுதாகச் சுற்றுங்கள். வாக்கிங் போகிற பாதையை விட்டு இறங்கிப் புதருக்குப் பின்னால், பம்ப் ரூமுக்குப் பக்கத்தில், சுற்றுச்சுவரின் அடியில் எல்லாம் பாருங்கள். நடுகல், எல்லைக்கல், மைல்கல், பழைய கிணற்றின் கைப்பிடிச்சுவர், பேண்டு வாத்தியம் வாசித்த மேடை, திறப்புவிழாக் கல், வார்ப்பிரும்பு விளக்குக் கம்பம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். எது முக்கியம், எது இல்லை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வரலாறு என்றால் கட்டடம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரு லால்பாக்கில் கெம்பெகவுடா கோபுரம் நிற்கும் பாறையே சுமார் 300 கோடி ஆண்டு பழையது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. தினமும் அதன் மேல் ஏறி உட்காருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இன்னொரு பக்கம், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடமும் வரலாற்றுச் சின்னமாக இருக்கலாம். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். அங்கே காப்பாற்ற வேண்டியது சுவரையோ தூணையோ அல்ல, அந்தத் திறந்தவெளியை. கூட்டம் கூடிய இடம் காலியாக இருந்தால்தான் கூட்டம் கூடியது என்பதை நம்ப முடியும்.

காலியிடத்தைக் காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே உதாரணம். ட்ரெவெலியன் கவர்னராக இருந்த 1859-60 காலத்தில், சென்ட்ரல் பக்கம் 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரும் பூங்கா உருவானது. குளங்கள், பாதைகள், பேண்டு மேடை, பின்னால் மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. அதன் நிலத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது, 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் கட்டடம், பிறகு ஸ்டேடியம். ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் நியாயமான தேவைதான். மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தே போனது. இன்றைக்குப் பூங்கா என்று சொல்ல அங்கே மிஞ்சியிருப்பது மை லேடிஸ் பூங்கா மாதிரி ஒரு துண்டுதான். 'இந்த மூலை சும்மாதானே கிடக்கிறது' என்று யாராவது சொல்லும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது. பூங்கா ஒரு துறையிடமும் அதற்குள் நிற்கும் சின்னம் இன்னொரு துறையிடமும் இருப்பது சகஜம். டெல்லி லோதி தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 15, 16-ஆம் நூற்றாண்டு சுல்தான்களின் கல்லறைகளைச் சுற்றி இருந்த கைர்பூர் கிராமத்தை அப்புறப்படுத்தி, 1936-ல் லேடி வில்லிங்டன் பார்க் என்ற பெயரில் திறந்தார்கள். விடுதலைக்குப் பிறகுதான் லோதி தோட்டம் ஆனது. கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு, புல்வெளி புதுடெல்லி நகராட்சிக் கவுன்சிலின் பொறுப்பு. புல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீர் கல்லறைச் சுவரில் ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். சின்னம் மத்தியத் தொல்லியல் துறைப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பொருந்தும். சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் தூரத்துக்கு அனுமதி வேண்டும். மாநிலத் தொல்லியல் துறைப் பட்டியலில் இருக்கிறதா? அப்படியானால் 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். இரண்டிலும் இல்லையென்றால் பூங்காவைப் பராமரிக்கும் உள்ளாட்சி அமைப்புதான் பொறுப்பு. பெரும்பாலான பூங்காச் சின்னங்கள் இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலையும் பாருங்கள், அதில் 400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் உள்ளன. பூங்கா நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்களுக்கென ஒரு சட்டம் வந்துவிட்டது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிட்டால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

விவரம் கிடைக்கவில்லையா? 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள்: பூங்காவின் சர்வே எண், நிலத்தின் வகைப்பாடு, கடந்த சில ஆண்டுகளில் அங்கே நடந்த பணிகளின் மதிப்பீட்டு நகல். இந்த மூன்றாவதுதான் தங்கம். அடுத்து என்ன 'அழகுபடுத்தப்' போகிறார்கள் என்பதை அதிலிருந்து ஊகித்துவிடலாம்.

மூன்றாம் படி: தொடாமல் பதிவு செய்யுங்கள்

சின்னத்தின் நான்கு பக்கமும், மேலும் கீழும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து எடுத்தால் அளவு தெரியும். படத்தோடு தேதியும் ஜிபிஎஸ் இருப்பிடமும் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால்தான் ஐந்து வருடம் கழித்து ஒப்பிட முடியும். நாங்கள் ஒரு வேப்பமரத்தடியையும் ஒரு சிமென்ட் பெஞ்சையும் அடையாளமாக வைத்துக்கொண்டோம். பெஞ்சை நகர்த்திவிட்டார்கள், மரம் இருக்கிறது.

கல்வெட்டு தேய்ந்து போயிருந்தால் மாவு பூசியோ, சாக்பீஸால் எழுத்தின் மேல் எழுதியோ படிக்காதீர்கள். எழுத்தை நாம் ஊகித்து வரைந்தால் அடுத்து வருபவர் நம் ஊகத்தைத்தான் படிப்பார். அதற்குப் பதில் இருட்டத் தொடங்கும் நேரத்தில் போங்கள். டார்ச்சைக் கல்லின் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்த வெளிச்சத்தில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்து நிற்கும். டார்ச்சை இடம், வலம், மேல் என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு கோணத்திலும் ஒரு படம் எடுங்கள். ஒரு கோணத்தில் தெரியாத கொம்பு இன்னொன்றில் தெரியும். எங்கள் சுமைதாங்கியில் முதல் இரண்டு வரியை இப்படித்தான் மீட்டோம். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி மைப்படி எடுப்பது தெரிந்தவர்கள் வேலை. படத்தை மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ அனுப்புங்கள்.

கட்டடத்தில் விரிசல் இருந்தால் அது பழைய விரிசலா, இன்னும் விரிகிறதா என்று தெரிய வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிய காகிதம் ஒன்றை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். மழைக்காலம் தாண்டியும் உடையாமல் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். இதையும் பொறுப்பில் உள்ள பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

நான்காம் படி: நடந்துகொண்டிருக்கும் கெடுதலை நிறுத்துங்கள்

பழுது பார்ப்பதற்கு முன் இது. செலவும் குறைவு, பலனும் அதிகம்.

தண்ணீரில் ஆரம்பிக்கலாம். சொட்டுநீர்க் குழாயோ ஸ்பிரிங்க்ளரோ பழைய சுவரின் மேல் அடிக்கிறதா என்று பாருங்கள். செங்கல் சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் காயும்போது உள்ளே இருந்த உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும், பூச்சு பொரிந்து கொட்டும். சுவரை ஒட்டி இரண்டு, மூன்று அடிக்குப் புல்லும் பூச்செடியும் இல்லாமல் சரளைக்கல் போட்டுவிட்டாலே பாதி நோய் தீரும். பூங்கா ஊழியர்களுக்கு இதை மனுவில் எழுதுவதைவிட நேரில் காட்டுவது நல்லது. ஸ்பிரிங்க்ளர் தலையைத் திருப்பி வைக்க 2 நிமிடம் போதும், அதற்கு டெண்டர் தேவையில்லை.

அடுத்து செடி. காக்கை எச்சத்தில் விழும் அரசு, ஆல விதைகள் கட்டட விரிசலில் முளைக்கும். விரல் நீளம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கை தடிமன் ஆனபிறகு ஆர்வக்கோளாறில் பிடுங்கினால் வேரோடு நாலு செங்கலும் சேர்ந்து வரும். அப்படிப்பட்டதை வெட்டிவிட்டு வேரை மருந்து வைத்துக் காயவிட்டு, அப்புறம்தான் மெதுவாக எடுப்பார்கள்.

பெயின்ட். கல்லுக்கு எந்த பெயின்ட்டும் வேண்டாம், சுண்ணாம்பு பூசிய சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே போதும். எனாமலும் எமல்ஷனும் சுவரின் மூச்சை அடைத்துவிடும். ஏற்கெனவே அடித்துவிட்டார்களென்றால் தின்னரும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். ஆர்வமிக்க நண்பர் ஒருவர் ஒரு மூலையைத் தேய்த்தார். பெயின்ட்டோடு கல்லின் மேல்தோலும் போய், அந்த இடம் மட்டும் இன்றும் வெளிறித் தெரிகிறது. மணலை வேகமாக வீசி அடித்துச் சுத்தம் செய்வதும் அதேதான். பாசியும் அழுக்கும் என்றால் வெறும் தண்ணீர், மெல்லிய நார் பிரஷ், பொறுமை. ஆசிட் வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசம் சிமென்ட். அது பழைய செங்கலையும் சுண்ணாம்பையும்விடக் கடினம், நீராவியையும் எளிதில் விடாது. சிமென்ட் பூசிய சுவர் முதல் ஆண்டு புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். டெல்லி ஹுமாயூன் கல்லறையின் கூரையில் இருபதாம் நூற்றாண்டில் ஒழுகலை நிறுத்தப் போட்ட கான்கிரீட் மட்டும் சுமார் 10 லட்சம் கிலோ. ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து செய்த மறுசீரமைப்பில் முதலில் அதைக் கையால் உடைத்து இறக்கித்தான் கூரையின் பாரத்தைக் குறைத்தார்கள்.

ஐந்தாம் படி: பழுது பார்த்தால் பழைய முறையில்

இந்தப் படி உங்கள் வேலை அல்ல, துறையின் வேலை. ஆனால் மதிப்பீட்டைப் படித்துப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்து என்றால் நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்தது. கடுக்காய் ஊறிய தண்ணீரும் பனைவெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் கைமுறை. மதிப்பீட்டில் 'சிமென்ட் கலவை 1:4' என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். 'கிரானைட் பதித்தல்', 'ஸ்டெயின்லெஸ் கைப்பிடி' என்று இருந்தாலும் கேளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் கோயில் திருப்பணிகளிலும் செட்டிநாட்டிலும் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் டெல்லி சுந்தர் நர்சரியைப் போய்ப் பாருங்கள். ஹுமாயூன் கல்லறைக்கு எதிரே 90 ஏக்கர். புதுடெல்லி உருவானபோது தெருக்களுக்கு மரக்கன்று வளர்த்த இடம், பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்தது. முகலாயர் காலக் கட்டடங்களைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கைவினைஞர்களை வைத்துச் சீர்செய்து, 2018-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். எனக்குப் பிடித்த விஷயம், அங்கே மரத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரே மரியாதை. சுந்தர்வாலா புர்ஜின் உள்கூரையில் இருக்கும் சுதை வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தால், மரத்தடியில் பாய் விரித்துக் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

குளம் தூர்வாரும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ சிலை, காசு, பானை கிடைத்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தாசில்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆறாம் படி: அங்கே ஏற்கெனவே இருப்பவர்களோடு பேசுங்கள்

நடுகல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து யாராவது விளக்கேற்றிக்கொண்டிருப்பார்கள். 'இது தொல்பொருள், தொடாதீர்கள்' என்று ஆரம்பித்தால் முதல் நாளே சண்டை. அந்தக் கல் இத்தனை காலம் பெயர்த்து எறியப்படாமல் இருப்பதற்கே அந்த விளக்குதான் காரணமாக இருக்கும். "அக்கா, எண்ணெயைக் கல் மேல ஊத்தாம கீழ அகல்ல வச்சுக்கலாமா? எழுத்து இருக்கிற பக்கம் மட்டும் குங்குமம் வேண்டாமே" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சுற்றி டைல்ஸ் ஒட்டி, தகரக் கொட்டகை போட்டு, உண்டியல் வைக்கும் கட்டம் வந்துவிட்டால்தான் கஷ்டம். அதனால் முன்னாடியே பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரர், வாட்ச்மேன், வாக்கிங் சங்கத்துப் பெரியவர்கள், கிரிக்கெட் ஆடும் பையன்கள் எல்லாருக்கும் அந்தச் சின்னம் என்னவென்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மணிக்குப் பூங்காவைத் திறப்பவருக்குத் தெரிந்திருந்தால் பெயின்ட் டப்பா உள்ளே வரும்போதே உங்களுக்கு போன் வந்துவிடும்.

ஏழாம் படி: ஊருக்குச் சொல்லுங்கள்

முதலில் ஒரு பலகை. தமிழில் எட்டு, பத்து வரிக்கு மேல் வேண்டாம். என்ன இது, எப்போது, யாருக்காக, எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சின்னத்தின் மேல் ஆணி அடிக்காமல், நாலு அடி தள்ளிச் சாய்வான கால் நட்டு வையுங்கள். பளபளக்கும் ஸ்டீலில் வெயில் பட்டால் படிக்க முடியாது. கல்லைப் பற்றி இரண்டு வரியும், பலகையைத் திறந்து வைத்தவர்களைப் பற்றிப் பதினைந்து வரியும் எழுதிய பலகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பலகை இல்லாமலே இருக்கலாம்.

சில இடங்களில் காட்டுவதே சொல்வதுதான். சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் 1984-ல் தொடங்கிய அகழாய்வில் 14-ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் கிடைத்தன. தோண்டிய குழிகளில் ஒன்றை மூடாமல், மேலே கூரை போட்டு, நடந்து வருபவர்கள் எட்டிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்பதைப் பத்துப் பலகையைவிட அந்த ஒரு மண் அடுக்கு நன்றாகச் சொல்கிறது.

பிறகு மரபுநடை, அதாவது ஆட்களை அழைத்துப்போய்ச் சின்னத்தைக் காட்டி விளக்கும் நடை. 45 நிமிடம், அதிகம் போனால் 20 பேர், காலை ஆறரை மணி. மைக் வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தை ஒட்டிய வாரம், மற்ற ஊர்களுக்கு ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம், நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம் என்று நாள்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்தால் தேதிகளை ஒப்பிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பையில் ஐந்து கிலோ மணல் கொடுத்துப் பூங்காவை ஒரு சுற்று நடக்கச் சொல்லி, கடைசியில் சுமைதாங்கியைக் காட்டுங்கள். விளக்கமே தேவைப்படாது.

கூகுள் மேப்பில் சரியான பெயரோடு இடத்தைச் சேருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையும் விக்கிமீடியா காமன்ஸில் படங்களும் ஏற்றுங்கள். விளக்கு அலங்காரம், ஒலி-ஒளிக் காட்சி என்று யாராவது பேச ஆரம்பித்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். துளை போட்டுப் பதிக்கும் விளக்கும் இரவெல்லாம் எரியும் விளக்கும் கல்லுக்கும் ஆகாது, அங்கே தூங்கும் பறவைக்கும் ஆகாது.

பணமும் பராமரிப்பும்

பணம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும், சிமென்ட் ஆசைகளை விட்டுவிட்டால். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி வரலாற்று இடங்களின் சீரமைப்புக்கும் கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்புப் பணத்தை (சிஎஸ்ஆர்) செலவிடலாம். கொடுப்பவர் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்பதை மட்டும் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுங்கள்.

பராமரிப்புக்கு ஒரு நோட்டு போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, அதே வேப்பமரத்தடியிலிருந்து அதே படங்கள். முளைத்த செடி, புது விரிசல், தண்ணீர் தேங்கிய இடம் எல்லாம் தேதியோடு எழுத வேண்டும். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் இரண்டு வாரம் முன்பு பூங்கா அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

எங்கள் நோட்டில் ஒரு தகராறும் பதிவாகியிருக்கிறது. சுமைதாங்கியைச் சுற்றிக் கம்பி வேலி போடலாமா என்று நாலு கூட்டம் பேசினோம். போடவில்லை. கீரை விற்கும் அம்மா ஒருவர் காலையில் பூங்கா வழியாகக் குறுக்கே போகும்போது கூடையை அந்தக் கல்லில்தான் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்கிறார். கூடை உரசும் இடத்தில் கல் தேய்கிறதா என்று வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்து எழுதி வைக்கிறோம்.